அப்பத்தாவும் அஞ்சுல ஒரு பங்கும்

எங்க அப்பத்தாவைப் பத்தி எழுதணும்னு ரொம்ப வருஷமா நினைச்சுக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் "எங்க அப்பத்தா வைக்கிற கருவாட்டுக் குழம்பு இருக்கே..."ன்னு ஆரம்பிச்சு, ரெண்டு பத்தி எழுதி, நாக்குல எச்சி ஊறி, அப்படியே மூடி வச்சிருவேன். எல்லாரோட பாட்டியும் நல்லாத்தான் குழம்பு வச்சிருக்காங்க, இதுல நான் புதுசா என்னத்தைச் சொல்லிரப் போறேன்னு ஒரு சலிப்பு.

போன மாசம் வீட்டுல ஒரு பேச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல. அப்பத்தா ஞாபகமாவே இருந்துச்சு. குழம்பு இல்லாத அப்பத்தா. சரி, இந்தத் தடவை எழுதிரலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான கொசுவத்தி. பொறுத்துக்கங்க :-)

ஊரு அகரம். திண்டுக்கல்ல இருந்து கரூர் ரோட்டுல வேடசந்தூர் பக்கமா வந்தீங்கன்னா தாடிக்கொம்பு வரும். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்குற ஊரு. அந்த மண்டபத் தூண்ல இருக்குற சிற்பங்களைப் பார்க்கவே வெளியூர்ல இருந்து ஆளுக வருவாங்க. அதை ஒட்டி, குடகனாத்துப் பக்கத்துல எங்க ஊரு. வெளியூர்ல போய் அகரம்னு சொன்னா, "முத்தாலம்மன் திருவிழா நடக்குமே, அந்த அகரமா?"ன்னுதான் கேட்பாங்க. அதே அகரம்தான்.

அப்பத்தான்னா அப்பாவைப் பெத்தவங்க. எங்க பக்கத்துல அப்பத்தாவை "அவங்க, இவங்க"ன்னு சொல்ற பழக்கம் இல்ல. "அப்பத்தா வந்துச்சு, அப்பத்தா சொல்லுச்சு"ன்னுதான். மரியாதைக் குறைச்சல் இல்லைங்க, பாசம் ஜாஸ்தியானா இலக்கணம் குறையும், அவ்வளவுதான்.

பிறந்த வருஷம் அதுக்கே தெரியாது. "தாது வருஷத்துப் பஞ்சத்தை எங்க பாட்டி சொல்லும்"னு சொல்லுமே ஒழிய, தன் வயசைக் கேட்டா "இருக்கும் ஒரு அம்பது"ங்கும். நான் ஒண்ணாவது படிக்கிறப்பவும் அம்பதுதான், காலேஜ் போறப்பவும் அம்பதுதான். ஆளு குள்ளம். காதுல தண்டட்டி போட்டு வளர்த்த காது, நான் பார்க்குறப்ப வெறும் ஓட்டைதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தண்டட்டி கிணறு வெட்டப் போயிருச்சு. இடுப்புல ஒரு சாவிக் கொத்து. திண்டுக்கல்காரங்க வீட்டுல பூட்டுக்குப் பஞ்சமா? தவசம் இருக்குற ரூமுக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணு, மோட்டார் ரூமுக்கு ஒண்ணு. (2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்தப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது எங்க அப்பத்தா இடுப்புதான்!)

தாத்தா நல்ல மனுஷன். ஆனா வீட்டுல முடிவுன்னா அப்பத்தாதான். கடலை எப்ப போடுறது, புகையிலையை யாருக்கு விக்கிறது, எந்த மாட்டை மாத்துறது, எந்தச் சம்பந்தம் வேணாம்... தாத்தா திண்ணையில உட்கார்ந்து "ம்"னு ஒரு சத்தம் குடுப்பாரு. அதுக்கு மேல அவரு பேசி நான் கேட்டதில்ல. நாங்க பேரப்புள்ளைக எட்டுப் பேரு. எட்டுப் பேருக்கும் தேவகவுடா, குஜ்ரால்னு பிரதமர் பேரு மாறுனதெல்லாம் தெரியாது. எங்களுக்கு ஆட்சி ஒண்ணே ஒண்ணுதான் :-)

அப்பத்தாவைப் பத்தி ஊர்ல எல்லாரும் சொல்ற கதை 1977 வெள்ளத்தைப் பத்தினது. அந்த வருஷம் நவம்பர்ல அடிச்ச புயல் மழையில குடகனாறு பொங்கி, எங்களுக்குக் கீழ்ப்பக்கம் வேடசந்தூர் தாலுகாவுல அழகாபுரி அணையே உடைஞ்சு போச்சு. நான் அப்பப் பிறக்கல. சின்ன அத்தைக்குப் பன்னெண்டு வயசு. அதுதான் எனக்கு இந்தக் கதையைச் சொல்லுச்சு. ராத்திரியில தண்ணி சத்தம் கேட்டதும் அப்பத்தா முதல்ல கட்டுத்தறிக்கு ஓடி மாட்டுக் கயிறை எல்லாம் அவுத்து விட்டுச்சாம். "கட்டிப் போட்டாத்தான் சாகும், அவுத்து விட்டா அதுக பொழைச்சுக்கும்." அப்புறம் புள்ளைகளை மேட்டு வீட்டுக்கு ஏத்திவிட்டுட்டுத் திரும்ப வீட்டுக்குள்ள போச்சாம். தாத்தா, "அடியே நகையைத்தான எடுக்கப் போற, விடுடி"ன்னு கத்தியிருக்காரு. அப்பத்தா எடுத்துக்கிட்டு வந்தது நகையை இல்ல. பத்திரம் வச்சிருந்த தகர டப்பா. முந்தானையில வச்சு இடுப்போட இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்துச்சாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை. அந்த டப்பாவுல எது எந்தப் பத்திரம்னுகூட அதுக்குத் தெரியாது. ஆனா எதைக் காப்பாத்தணும்னு தெரிஞ்சிருக்கு.

இது வரைக்கும் எழுதுறது சுலபம். இனிமேதான் கஷ்டம்.

தாத்தா 1992-ல இறந்துட்டாரு. உயில் எதுவும் எழுதல. அவரு சுயமா, துண்டு துண்டா வாங்கிச் சேர்த்தது அஞ்சு ஏக்கர், நடுவுல ஒரு கிணறு. வாரிசு அஞ்சு பேரு. அப்பத்தா, பெரியப்பா, எங்க அப்பா, பெரிய அத்தை, சின்ன அத்தை. 1956-லயே வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆம்பளை உயில் எழுதாம செத்துட்டா அவரோட சொந்தச் சொத்துல பொண்டாட்டிக்கும், மகனுக்கும், மகளுக்கும் சரிபங்கு. ஆக, ஆளுக்கு ஒரு ஏக்கர். கிணத்துல ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்கு. கணக்கு எவ்வளவு சுத்தமா வருது பாருங்க!

ஆனா 1993 ஐப்பசித் திருவிழாவுக்கு ரெண்டு அத்தைகளும் வந்திருந்தப்ப அப்பத்தா அவங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு, "அண்ணன்மாருக்கு விட்டுக்குடுத்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்கடி"ன்னு சொல்லிருச்சு. விடுதலைப் பத்திரம். உங்கள்ல பல பேருக்கு இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும். அண்ணன் தம்பிக்குச் சொத்தை விட்டுக் குடுக்குற பத்திரத்துக்கு என்னா அழகாப் பேரு வச்சிருக்காங்க பாருங்க. யாரு யாருகிட்ட இருந்து விடுதலை ஆனாங்கன்னுதான் தெரியல.

ரெண்டு பேரும் மறுபேச்சுப் பேசல. ரெஜிஸ்தர் ஆபீஸ் போய்ட்டு வந்து, ஆளுக்கு ஒரு பட்டுச்சேலை, ரெண்டாயிரம் ரூபா. பெரியப்பாவுக்கு ரெண்டு ஏக்கர், அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர், அப்பத்தாவுக்கு ஒண்ணு. அப்பத்தாவோட ஏக்கரையும் பெரியப்பாவும் அப்பாவுமே உழுதுக்கிட்டாங்க. எனக்கு அப்ப பதினோரு வயசு. அன்னிக்கு மத்தியானம் கெடா வெட்டு, கறிச்சோறு. எல்லாரும் சந்தோஷமா இருந்ததாத்தான் எனக்கு ஞாபகம்.

1998-ல சின்ன அத்தை வீட்டு மாமா தவறிட்டாரு. அத்தைக்கு முப்பத்து மூணு வயசு. மகளுக்குப் பத்து, மகனுக்கு ஏழு. மாமா வீட்டுல ஏகப்பட்ட கடன். ஆறு மாசத்துல அத்தை ரெண்டு புள்ளையையும் கூட்டிக்கிட்டு அகரத்துக்கே வந்துருச்சு. "வரட்டும், நாங்க சோறு போட மாட்டோமா?"ன்னு எங்க வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. போட்டாங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா போடுற சோத்துக்கும், சொந்தமாப் பொங்குற சோத்துக்கும் என்ன வித்தியாசம்னு அத்தை முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு முட்டை எடுக்கணும்னாலும் எங்க அம்மாவைத் திரும்பிப் பார்க்கும்.

கொஞ்ச நாள்ல அப்பத்தாவோட ஏக்கர்ல ஒரு மூலையில அத்தை கனகாம்பரம் வச்சுச்சு. விடியக்காலம் பூ எடுத்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பி, அதுல பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கலாம்னு யோசனை. பூவுக்குத் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். அங்கதான் வந்துச்சு வினை.

கிணத்துப் பாசனம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரே கிணறு, நாலஞ்சு பங்காளின்னா "முறை" வச்சுப்பாங்க. எங்க கிணத்துல அஞ்சு நாள் சுத்து. பெரியப்பாவுக்கு ரெண்டு நாள், அப்பாவுக்கு ரெண்டு நாள், அப்பத்தாவுக்கு ஒரு நாள். 1990-ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்துருச்சுன்னாலும், மும்முனை கரண்ட் வர்ற நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்துக்குள்ள யாரு மோட்டார் போடுறாங்களோ அவங்க காடுதான் நனையும். அப்பத்தாவோட அஞ்சாம் நாள் முறையை பெரியப்பாவும் அப்பாவும் மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. யாரும் எழுதி வைக்கல. யாரும் கேட்கவும் இல்ல.

ஒரு நாள் அத்தை மோட்டாரைப் போட்டுக் கனகாம்பரத்துக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்பா வீட்டுல இருந்து என்னைக் கூப்பிட்டு, "டேய், இன்னிக்கு நம்ம முறை. போய் மோட்டாரை நிறுத்தி, நம்ம வாய்க்கால்ல திருப்பி விடு"ன்னாரு. எனக்குப் பதினாறு வயசு. சைக்கிள்ல போனேன். மோட்டார் ரூமுக்குள்ள போய் சிவப்புப் பொத்தானை அமுக்குனேன். தண்ணி நின்னுச்சு. வெளிய வந்து பார்த்தா, பாதிப் பாத்தி நனைஞ்சும் பாதிப் பாத்தி காஞ்சும் கெடக்கு. நடுவுல அத்தை மம்பட்டியோட நிக்குது. "எங்க முறையாம் அத்தை, அப்பா நிறுத்தச் சொன்னாரு"ன்னேன்.

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்துச்சு. "சரி மருமகனே"ன்னுச்சு. அவ்வளவுதான். மம்பட்டியைக் கழுவி, தோள்ல வச்சுக்கிட்டு வரப்புல நடந்து போயிருச்சு.

இத்தனை வருஷம் ஆச்சு. அந்தச் "சரி மருமகனே" மட்டும் இன்னும் போகலைங்க. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

இதையெல்லாம் அப்பத்தா வேப்ப மரத்தடியில உட்கார்ந்து கடலை உரிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. ராத்திரி சோறு திங்கல. மூணு நாள் யாருகிட்டயும் பேசல. நாலாவது நாள் காலையில என்கிட்ட வந்து, "பள்ளிக்கூடம் லீவு போடு. நல்ல சட்டையாப் போட்டுக்க. திண்டுக்கல் போறோம்"னுச்சு.

பஸ்ல மடியில அதே தகர டப்பா. எங்க போறோம்னு கேட்டேன். "பத்திரம் எழுத. எழுதுறவன் என்ன எழுதுறான்னு எனக்குப் படிச்சுக் காட்டணும். வேற யாரைக் கூப்பிட்டாலும் உங்க அப்பன்கிட்ட சொல்லிருவாய்ங்க. நீ சொல்ல மாட்டே. ஏன்னா மோட்டாரை அமத்துனவன் நீதான்."

எனக்குத் தலையைத் தூக்க முடியல.

பத்திர எழுத்தர் ஒரு வயசானவரு. சின்ன அத்தை பேருக்கு அப்பத்தா தன்னோட ஒரு ஏக்கரைத் தான செட்டில்மெண்டா எழுதணும். அவரு பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுனாரு. பழசுல எல்லாம் "மதுரை மாவட்டம், திண்டுக்கல் தாலுகா"ன்னு இருக்கும். திண்டுக்கல் தனி மாவட்டமா ஆனது 1985 செப்டம்பர்லதானே. சர்வே நம்பர், நாலு எல்லை எல்லாம் எழுதி முடிச்சதும் நான் அப்பத்தாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "கிணறு எங்க?"ன்னுச்சு.

"நிலத்தைத்தான எழுதச் சொன்னீங்க ஆத்தா"ன்னாரு எழுத்தர்.

"நிலத்தைக் குடுத்துட்டுத் தண்ணியைக் குடுக்கலேன்னா, தாலியைக் கட்டிட்டுச் சோறு போடாத மாதிரிய்யா. கிணத்துல அஞ்சுல ஒரு பங்கு. மோட்டார்ல அஞ்சுல ஒரு பங்கு. வாய்க்கால் போற வழி. வண்டி போற தடம். தெக்குப் பக்கம் ரோட்டுல இருந்து அவ காடு வரைக்கும், பயலுக ரெண்டு பேரு காட்டு வழியா, ஒரு மாட்டு வண்டி போய் வர்ற அகலத்துக்கு. எல்லாத்தையும் எழுது. தண்ணியும் தடமும் இல்லாத காடு எதுக்கு ஆகும்?"

எழுத்தர் பேனாவை வச்சுட்டு அப்பத்தாவை ஒரு தடவை நல்லாப் பார்த்தாரு. அப்புறம் புது வெள்ளைத்தாள் எடுத்து முதல்ல இருந்து எழுதுனாரு.

கையெழுத்துப் போடுற நேரத்துல ஒரு காமெடி. தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் எங்க ஊருக்கும் வந்துச்சுல்ல. கோயில் பக்கத்துல ராத்திரி வகுப்பு. காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு வந்து சொல்லிக் குடுக்கும். "எனக்கெதுக்குடி இந்த வயசுல"ன்னு முதல் நாள் சொன்ன அப்பத்தா, அப்புறம் சிலேட்டும் கையுமா முதல் ஆளாப் போய் உட்கார்ந்துச்சு. மத்த பாடமெல்லாம் ஏறல. பேரு மட்டும் எழுத வந்துருச்சு. 1993 பாகப்பிரிவினையில கைநாட்டு வச்ச அதே அப்பத்தா, அன்னிக்குப் பேனாவைப் பிடிச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா எழுதுச்சு. ஒவ்வொரு பக்கத்துலயும். பின்னாடி வரிசையில நின்னவங்க எல்லாம் முணுமுணுத்தாங்க. அப்பத்தா கண்டுக்கல.

அது முடிஞ்சதும் ஆபீஸ்காரரு மை டப்பாவை நகர்த்தி, "பெருவிரலை வைங்கம்மா"ன்னாரு. வந்துச்சே கோவம்! "ஏய்யா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். என்னைக் கைநாட்டுன்னு நினைச்சியா?" பதிவுன்னா கலெக்டரா இருந்தாலும் ரேகை வைக்கணும்னு அவரு விளக்கிச் சொல்றதுக்குள்ள படாதபாடு பட்டுட்டாரு. "அப்ப முதல்ல அந்த ஆளு வைக்கட்டும், நான் பார்க்குறேன்"னு பக்கத்துல நின்ன வேட்டிக்காரர் ஒருத்தர் வைக்கிறதைப் பார்த்துட்டுத்தான் விரலை நீட்டுச்சு :-)

திரும்பி வர்றப்ப பஸ்ஸ்டாண்டுல எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் குடுத்துச்சு. அப்பத்தான் கேட்டேன். "ஏன் அப்பத்தா, அன்னிக்கு நீதான அத்தையை கையெழுத்துப் போடச் சொன்ன?"

ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "பயலுக ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருக்கணும்னு பார்த்தேன். பொட்டப்புள்ளைக போன எடத்துல நல்லா இருந்துக்கும்னு நினைச்சேன். தப்புக் கணக்குடா. என் வகுத்துல பிறந்ததுகளுக்கு நானே தப்புக் கணக்குப் போட்டுட்டேன்"னுச்சு.

விஷயம் வெளிய தெரிஞ்சதும் வீடு ரெண்டாச்சு. பெரியப்பாவும் அப்பாவும் "பெத்த தாயே ஏமாத்திருச்சு"ன்னாங்க. அப்பத்தா ஒரு வார்த்தை வாதாடல. சாவிக் கொத்தை இடுப்புல இருந்து அவுத்து எங்க அம்மா கையில குடுத்துட்டு, அந்த ஏக்கர்ல ஒரு தகரக் கொட்டாய் போட்டு அத்தையோட போயிருச்சு. மூணு வருஷம் அப்பா தன்னைப் பெத்தவகிட்ட பேசல. ஒரே கிணறு, ஒரே வரப்பு. எதிர்ல வந்தா அப்பா கடலைச் செடியைக் குனிஞ்சு பார்ப்பாரு. கடலையே இல்லாத காலத்துலயும் குனிஞ்சு பார்ப்பாரு.

எங்க முத்தாலம்மனை மண்ணாலதான் செய்வாங்க. கண் திறந்து, ஊரெல்லாம் பார்த்து, பூஞ்சோலைக்குப் போற வரைக்கும்தான் அம்மன் நம்மகூட. 2002 திருவிழாவுல அம்மன் பூஞ்சோலைக்குப் போறதைப் பார்த்துக்கிட்டு நின்ன கூட்டத்துல அப்பத்தா கால் தடுக்கி விழுந்துருச்சு. தூக்கி நிறுத்துனது பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்த எங்க அப்பா. "பார்த்து நடக்கக் கூடாதா ஆத்தா?"ன்னாரு. "நீ பக்கத்துல இருக்கேன்னுதான் பார்க்காம நடந்தேன்"னுச்சு அப்பத்தா. அதோட பேச்சு வந்துருச்சு. மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் எங்க வீட்டுல யாரும் கேட்கல, யாரும் குடுக்கல. மறுநாள் காலையில அப்பா கொட்டாய்க்குப் போய் டீ குடிச்சாரு, அவ்வளவுதான்.

2007-ல, ஒரு மாசி மாசம், தூக்கத்துலயே போயிருச்சு அப்பத்தா. பேரப்புள்ளைக எட்டுப் பேரும் நெய்ப்பந்தம் புடிச்சோம். ஊரே வந்துச்சு. எல்லாரும் "மகராசி, நல்ல சாவு"ன்னாங்க.

சின்ன அத்தை அந்த ஏக்கரை வச்சே ரெண்டு புள்ளைகளையும் கரையேத்திருச்சு. கனகாம்பரம், அப்புறம் மல்லி, அப்புறம் முருங்கை. கிணறு இப்ப வத்திப் போச்சு, ஆளாளுக்கு போர் போட்டுட்டாங்க. ஆனா தடம் வத்தல. பெரியப்பா வீட்டுல அவங்க பங்கை பிளாட் போடுறவங்களுக்கு வித்தப்ப, வாங்குனவங்க சுத்திக் கம்பி வேலி போட வந்தாங்க. அத்தை தகர டப்பாவைத் திறந்து பத்திரத்தை எடுத்து நீட்டுச்சு. "ஒரு மாட்டு வண்டி போய் வர்ற அகலம்." வேலியைத் தள்ளித்தான் போட்டாங்க. எழுத்தர் கிழிச்சுப் போட்ட அந்த முதல் தாளை நான் அன்னிக்கு நினைச்சுக்கிட்டேன்.

இதோட நிறுத்திட்டா அப்பத்தா கணக்கு சரியாப் போயிரும். ஆனா ஒரு ஆளு பாக்கி. பெரிய அத்தை. அதுவும் அதே 1993-ல அதே கையெழுத்தைத்தான் போட்டுச்சு. கஷ்டப்படலைங்கிறதால அதுக்கு ஒண்ணும் திரும்ப வரல. கருமாதி முடிஞ்சு கிளம்புறப்ப என்கிட்ட சொல்லுச்சு. "தங்கச்சிக்குக் குடுத்தது எனக்குச் சந்தோஷம்தான் மருமகனே. ஆனா என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. அப்பத்தாவை எவ்வளவு பிடிச்சாலும், அந்த ஒரு வார்த்தை கேட்காமத்தான் போச்சு.

இனி போன மாசத்துக் கதை.

எங்க அப்பா போன வருஷம் தவறிட்டாரு. அவரும் உயில் எழுதல. வாரிசு சான்றிதழ்ல மூணு பேரு. அம்மா, நான், தங்கச்சி. ரெண்டு ஏக்கர். பட்டா மாத்தணும்னு பேச்சு வந்தப்ப சொந்தக்காரங்க எல்லாரும் ரொம்ப சாதாரணமா, "தங்கச்சிகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிரு, வேலை முடிஞ்சுது"ன்னாங்க. அம்மாவும், "அவளுக்குத்தான் நகை போட்டு நல்லாச் செஞ்சமே"ன்னுச்சு. தங்கச்சிக்கு திருப்பூர்ல வாழ்க்கை. போன்ல கேட்டாங்க. அவ சொன்ன பதில்: "சரிம்மா. எங்க வந்து போடணும்னு அண்ணனைச் சொல்லச் சொல்லு."

சரிம்மா. சரி மருமகனே. எனக்கு மம்பட்டியோட நின்ன அத்தைதான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு.

சட்டத்துக்கு என்ன குறைச்சல்? 1956-ல ஒண்ணு. 1989-ல தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துலயும் மகளுக்குச் சமபங்குன்னு திருத்தம், கல்யாணம் ஆகிப் போனவங்களை மட்டும் விட்டுட்டாங்க. 2005-ல கல்யாணம் ஆனவங்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க அதே உரிமை. 2020 ஆகஸ்ட்ல, அந்த 2005 திருத்தம் வந்த அன்னிக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு கட்டாயம் இல்ல, மகள்ங்கிறது பிறப்பால வர்ற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. எங்க விஷயத்துக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேணாம், 1956 சட்டமே போதும். சட்டம் எல்லாம் மாறிக்கிட்டேதான் இருக்கு. வீட்டுக்குள்ள அந்த ஒரு பத்திரம் மட்டும் மாறாம இருக்கு. ஏன்னா அதை யாரும் புடுங்குறது இல்ல. பாசமாக் கேட்போம், பாசமாக் குடுத்துருவாங்க. குடுக்கலேன்னா அடுத்த திருவிழாவுக்கு யாரு வீட்டுப் படியேறுறதுன்னு ஒரு பயம். அதை நாம கேட்கறதும் இல்ல, அவங்க சொல்றதும் இல்ல.

நான் தங்கச்சிக்குப் போன் பண்ணுனேன். "விடுதலை எல்லாம் வேணாம். மூணாப் பிரிச்சு எழுதப் போறேன். உனக்கு அறுபத்தாறு சென்ட்டு சொச்சம் வரும்"னேன்.

"எனக்கெதுக்குண்ணே? நான் வந்து கடலையா போடப் போறேன்? அம்மா மனசு கஷ்டப்படும்ணே."

"அம்மாகிட்ட நான் பேசிட்டேன். நாலு நாள் பேசாம இருந்துச்சு, இப்ப பேசுது. வேணும் வேணாம்னு நீ அப்புறமா முடிவு பண்ணிக்க. வேணாம்னு சொல்றதுக்கும் முதல்ல உன் பேருல இருக்கணும்ல?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு நினைச்சேன். மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டுக் கேட்டா:

"அண்ணே... என் பங்குக்குத் தடம் எந்தப் பக்கமா வருது?"

சிரிச்சுட்டேன். அப்பத்தா பேத்திடி நீ!

அடுத்த வாரம் ரெஜிஸ்தர் ஆபீஸ் போறோம். போர்ல மூணுல ஒரு பங்கு, கரண்ட் சர்வீஸ்ல பங்கு, தெக்குத் தடம். எல்லாத்தையும் எழுதச் சொல்லியிருக்கேன். எழுதுனதை நானே சத்தமா ஒரு தடவை படிச்சுக் காட்டணும்னு இருக்கேன். அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டுன மாதிரி.

உங்க வீட்டுலயும் பீரோவுக்குள்ளயோ, பரண் மேலயோ ஒரு தகர டப்பா இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாருங்க. அதுல யாரு பேரு இருக்குன்னு பாருங்க. முக்கியமா, யாரு பேரு இல்லைன்னு பாருங்க.

கருவாட்டுக் குழம்பு இன்னொரு நாள். சத்தியமா :-)